மூங்கில் கன்றுகள் வந்த பிறகு

(மணிமங்கலத்தில் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்களுக்காக நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரும் வியாழக்கிழமை நம் பள்ளிகளுக்கு மூங்கில் கன்றுகள் வருகின்றன. இப்பகுதித் தொழிற்சாலை ஒன்று தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து தருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில் எங்கள் பள்ளிக்கு இப்படிப் பன்னிரண்டு கன்றுகள் வந்தன. அவற்றை வளர்த்தபோது கண்டதையும், நான் நடத்தும் உயிரியல் பாடத்திலிருந்து அதற்குப் பொருந்துவதையும் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள்.

நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் கதைதான் நம் கன்றுகளுக்கு முதல் எதிரி. சீனத்து மூங்கில் விதையை விதைத்தால் நான்கு ஆண்டுகள் தரைக்கு மேல் ஒன்றுமே தெரியாதாம். நம்பிக்கையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டுமாம். ஐந்தாம் ஆண்டு ஆறே வாரத்தில் தொண்ணூறு அடி வளர்ந்துவிடுமாம். பணியிடைப் பயிற்சிகளில் இதை நான் ஐந்தாறு முறை கேட்டிருக்கிறேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள்; வாட்ஸ்அப்பில் சிலருக்கு அனுப்பியும் இருப்பீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு மூங்கில் கிடையாது.

மூங்கில் ஒரு புல். நெல், கரும்பு, அருகம்புல் இவற்றோடு போயேசி குடும்பத்தைச் சேர்ந்தது. உயிருள்ள மூங்கில் விதை ஈரம் கண்டால் சில வாரங்களில் முளைத்து, நெல் நாற்றைப் போல மெல்லிய இலை விடும். நான்கு ஆண்டுகளாகத் தரைக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை என்றால் அங்கே செடி இல்லை என்று பொருள். இலை இல்லாமல் எதைக் கொண்டு உணவு தயாரிக்கும்? ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்டுவிடக்கூடிய கேள்வி இது. கதை சொன்ன எவரிடமும் நாம் கேட்கவில்லை.

ஒரு கதைதானே, போகட்டும் என்று விடலாம். நான் விடாததற்குக் காரணம் உண்டு. கன்று பட்டுப்போய் மூன்று மாதம் ஆன பிறகும், "மூங்கில் அப்படித்தான் சார், அடியில் வேர் பிடித்துக்கொண்டிருக்கும்" என்று குழியைச் சுற்றி நின்று பேசுவோம். மறுநடவுக்கான மழை அதற்குள் போய்விடும். இன்னொன்றும் இருக்கிறது. மூன்றாம் வகுப்பு முடிந்தும் எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது இதே கதையைச் சொல்கிறோம். "அவன் மூங்கில் மாதிரி மேடம், ஒருநாள் திடீரென்று கிளம்பிவிடுவான்." அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் இன்றைக்கு அவனுக்கு எந்த எழுத்தில் தடுக்கிறது என்று உட்கார்ந்து பார்க்கும் வேலை அந்த ஒரு வாக்கியத்தோடு நின்றுபோகிறது. உண்மையான மூங்கில் இப்படி யாரையும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கச் சொல்வதில்லை. இலை சுருள்கிறது, பழுக்கிறது, அடியில் மொட்டுக் கிளம்புகிறது. வாரந்தோறும் ஏதாவது ஒன்றைக் காட்டிக்கொண்டே இருக்கிறது.

கதைக்குள் ஒரு துளி உண்மை இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூங்கிலின் சொத்து மண்ணுக்குள் இருக்கும் மட்டநிலத்தண்டுதான். அதில் சேரும் உணவைப் பொறுத்து அந்த ஆண்டின் குருத்து வருகிறது. முதல் ஆண்டுக் குருத்து பென்சில் கனம். அது இலை விட்டு, உணவு செய்து, கீழே அனுப்பும். அதைக் கொண்டு அடுத்த மழைக்காலத்தில் வருவது கட்டை விரல் கனம். அதற்கடுத்தது இன்னும் பருமன். எந்தக் குருத்தும் தரையைப் பிளந்து வரும்போதே தன் முழுப் பருமனோடு வருகிறது; இரண்டு மூன்று மாதங்களில் முழு உயரத்தையும் எட்டிவிடுகிறது; அதன் பிறகு ஓர் அங்குலம்கூட உயர்வதில்லை, பருப்பதும் இல்லை. ஒருவித்திலைத் தாவரத்தில் கேம்பியம் இல்லை, ஆகவே இரண்டாம் நிலை வளர்ச்சி இல்லை என்று மேல்நிலை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோமே, அது இதுதான். சில மூங்கில் இனங்கள் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் வரை வளர்வதாகக் கின்னஸ் பதிவு சொல்கிறது. மணிக்கு எவ்வளவு என்று பிள்ளைகளை வகுக்கச் சொல்லுங்கள்; கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் வரும். அந்த வேகம் முழுக்க முந்தைய ஆண்டின் இலைகள் சேர்த்து வைத்தது. முதல் ஆண்டு இலையை ஆட்டுக்குக் கொடுத்துவிட்டால் இரண்டாம் ஆண்டுக் குருத்துக்கு முதல் இல்லை.

வியாழக்கிழமைக்கு வருவோம். வண்டி வந்ததும் நாம் செய்யும் முதல் காரியம், கன்றின் தண்டைப் பிடித்துத் தூக்கி இறக்குவது. அதைச் செய்யவே கூடாது. தண்டு மட்டநிலத்தண்டோடு சேரும் கழுத்துதான் மூங்கிலின் மிக மெலிந்த இடம். பையின் எடை முழுவதும் அந்தக் கழுத்தில் தொங்கினால் உள்ளுக்குள் முறிந்துவிடும். மேலே ஒன்றும் தெரியாது. பத்து நாள் பசுமையாக இருந்துவிட்டுப் பிறகு காயும். பையின் அடியில் ஒரு கை, பக்கத்தில் ஒரு கை கொடுத்து, குழந்தையைத் தூக்குவது போல் இறக்க வேண்டும். பிள்ளைகளிடம் இப்படிச் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள். உதவிக்கு வரும் பெரியவர்களுக்குத்தான் மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

திறந்த வண்டியில் நெடுஞ்சாலைக் காற்றில் வந்த கன்றின் இலைகள் நீளவாக்கில் சுருண்டு ஊசி மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம். நீர் இழப்பைக் குறைக்க மூங்கில் செய்யும் தற்காப்பு அது. உடனே அத்தனையையும் வேப்ப மர நிழலிலோ கட்டடத்தின் வடபக்க நிழலிலோ நெருக்கி வைத்து, பை முழுதும் நனையத் தண்ணீர் விட்டு, இலைமேலும் தெளியுங்கள். ஒரு வாரம் பத்து நாள் அங்கேயே இருக்கட்டும். இங்கேதான் சிக்கல் வரும். கன்று தருபவர்கள் அன்றைக்கே நட்டுப் புகைப்படம் எடுக்க விரும்புவார்கள். அதில் தவறில்லை, அவர்களும் கணக்குக் காட்ட வேண்டும். நிழலில் இருப்பதில் தெளிவாக உள்ள ஒரே ஒரு கன்றை விருந்தினர் கையால் மாலையில் நடச் சொல்லுங்கள். மற்றவை தாமே நிமிர்ந்து இலை விரித்த பிறகு நடலாம். இதை வண்டி வருவதற்கு முன்பே தொலைபேசியில் பேசிவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

வண்டிக்காரரிடமோ நாற்றங்காலிலோ கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இது என்ன மூங்கில்? முள் மூங்கிலாக இருந்தால் பள்ளிக்கு வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம். வளர்ந்தபின் அதன் அடிப்பகுதி முள்வேலிதான். பந்து உள்ளே போனால் பிள்ளையும் பின்னால் போகும். கல் மூங்கில், மஞ்சள் மூங்கில், பாம்புசா பால்கோவா இவை முள்ளின் தொல்லை இல்லாதவை. ஒசூரில் திசு வளர்ப்பு முறையில் பெருக்கும் பீமா மூங்கில் என்பதும் பால்கோவாவிலிருந்து தேர்ந்தெடுத்ததே. நல்ல வேளையாக, இவை எல்லாம் தூர்கட்டி நிற்கும் வகை. நிலத்தடியில் ஓடிப்போய் அடுத்த வீட்டில் முளைக்கும் மூங்கில்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரை. அதனால் "மூங்கில் வைத்தால் கட்டடத்தைப் பெயர்த்துவிடும்" என்ற பேச்சுக்கு அஞ்ச வேண்டாம். இருந்தாலும் தூர் ஆண்டுக்காண்டு அகலும். கட்டடச் சுவரிலிருந்து பத்தடி, சுற்றுச்சுவரிலிருந்து ஐந்தடி, கன்றுக்குக் கன்று பத்தடியாவது விடுங்கள். மின்கம்பிக்குக் கீழே வேண்டவே வேண்டாம். கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

இடத்தைப் பற்றிச் சொல்லும்போது இந்த ஊரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பாடப்புத்தகத்தில் மணிமங்கலம் என்றால் நரசிம்மவர்மனும் இரண்டாம் புலிகேசியும் மோதிய போர்க்களம். செடி வைப்பவருக்கு இது அடையாறு தொடங்கும் பகுதி. பக்கத்தில் மலைப்பட்டு ஏரியில் தொடங்கி, ஏரி ஏரியாக உபரிநீர் சேர்ந்துதான் அந்த ஆறு சென்னைக்குப் போகிறது. 2015 டிசம்பரில் வரதராஜபுரமும் முடிச்சூரும் எப்படி மூழ்கின என்று இங்கே உட்கார்ந்திருக்கும் பலர் கண்ணால் கண்டவர்கள். அப்படியென்றால் ஐப்பசி கார்த்திகையில் நம் விளையாட்டுத் திடல்களின் தாழ்ந்த மூலைகளில் தண்ணீர் நிற்கும். மூங்கிலுக்கு ஈரம் பிடிக்கும், தேங்கிய நீர் பிடிக்காது. இளங்கன்று நீருக்குள் நின்றால் வேர் அழுகும். போன மழைக்கு எங்கே தண்ணீர் நின்றது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேளுங்கள். கோடு கிழித்துக் காட்டுவார்கள்.

நம் பள்ளிகளில் மண் இரண்டு விதம். ஏரியை ஒட்டிய பள்ளிகளில் களி. சாலையை உயர்த்தியபோதும் கட்டடம் கட்டியபோதும் நிரப்பிய பள்ளிகளில் கிராவல். களிமண்ணில் இரண்டடிக்கு இரண்டடி குழி தோண்டினால் அது தொட்டி மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குழியின் பக்கங்களைக் கடப்பாரையால் கொத்தி விடுங்கள்; கன்றைத் தரை மட்டத்துக்கு முக்கால் அடி உயர்ந்த மேட்டில் வையுங்கள். கிராவலில் இதற்கு நேர்மாறு, ஊற்றியது ஊற்றியபடி கீழே போய்விடும். அங்கே குழியை மூன்றடி அகலமாக்கி, உரிய அனுமதியோடு எடுத்த ஏரி வண்டலை நிரப்புங்கள். எந்த மண்ணானாலும் குழிக்கு ஓர் அன்னக்கூடை மக்கிய தொழுவுரமும் கால் கிலோ வேப்பம்பிண்ணாக்கும் போதும். பிண்ணாக்கு கரையானுக்காக. மக்காத பச்சைச் சாணம் வேரைச் சுடும். யூரியாவை முதல் மூன்று மாதம் கிட்டே கொண்டுவராதீர்கள்.

நடும்போது பையைப் பிளேடால் கிழித்து எடுங்கள். உருவி இழுத்தால் மண்கட்டி உடையும். பையில் மண் எந்த மட்டம் இருந்ததோ அதே மட்டம்தான் தரையிலும். ஆழமாக நட்டால் உறுதியாக நிற்கும் என்று நினைத்துப் புதைக்க வேண்டாம். சுற்றி மிதித்து இறுக்கி, வட்டப்பாத்தி கட்டி, இரண்டு குடம் தண்ணீர். காற்றில் ஆடாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு எட்டுப் போட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். அதன்மேல் காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் மட்டை எது கிடைக்கிறதோ அது மூடாக்கு. பின்னாளில் மூங்கில் உதிர்க்கும் இலையையும் அதன் அடியிலேயே விடுங்கள். மூங்கில் இலையில் சிலிக்கா அதிகம், அது மண்ணுக்குத் திரும்பித் தண்டுக்குப் போக வேண்டும். வளாகத்தைச் சுத்தமாக வைக்கிறோம் என்று கூட்டிக் கொளுத்திவிடுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். தூய்மைப் பணியாளரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டால் அவர்களே பாதுகாப்பார்கள். எங்கள் பள்ளி அக்கா இப்போது மற்ற மரத்துச் சருகையும் அங்கேதான் கொண்டுபோய்ப் போடுகிறார்.

முதல் வாரம் தினமும் ஒரு குடம். மழை இல்லாவிட்டால் முதல் இரண்டு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள். அதன்பின் இலையைப் பாருங்கள். காலையில் விரிந்து, உச்சி வெயிலில் சற்றுச் சுருண்டு, மாலையில் மறுபடி விரிந்தால் சரியாக இருக்கிறது. காலை எட்டரை மணிக்கே சுருண்டிருந்தால் தண்ணீர் போதவில்லை. இலை தட்டையாக, மஞ்சளாகத் தொங்கினால் தண்ணீர் அதிகம். முதல் மாதத்தில் இலை கொட்டினாலும் பிடுங்காதீர்கள். தண்டின் அடியை நகத்தால் லேசாகக் கீறினால் பச்சை தெரிகிறதா? தெரிந்தால் உயிர் இருக்கிறது, கணுவிலிருந்து துளிர்க்கும். ஆனால் கார்த்திகை முடிவதற்குள் புதுத் துளிரோ குருத்தோ இல்லை, கீறினால் பழுப்பு என்றால் அந்தக் கன்று போய்விட்டது. அதைப் பிள்ளைகளிடம் நேராகச் சொல்லி, மழையின் ஈரம் இருக்கும்போதே வேறொன்று வைத்துவிடுங்கள்.

ஆடு, மாட்டுக்கு மூங்கில் இலை நல்ல தீனி. கம்பிக்கூண்டு கிடைத்தால் சரி. இல்லாவிட்டால் வேலிகாத்தான் முள்ளே போதும். நம் பகுதியில் அதற்குப் பஞ்சமில்லை.

இப்போது நான் உண்மையில் பேச வந்த இடத்துக்கு வருகிறேன். பள்ளிக்கு வந்த கன்றுகள் எப்போது சாகின்றன? மழையில் கொஞ்சம், ஆட்டு வாயில் கொஞ்சம். மிச்சமெல்லாம் மே மாதத்தில். பள்ளிக்கு வேலை நாள் உண்டு, விடுமுறை உண்டு. செடிக்கு 365 நாளும் வேலை நாள். ஏப்ரல் கடைசியில் பூட்டிவிட்டுப் போகிறோம். அக்கினி நட்சத்திரம் முடிந்து ஜூனில் திறக்கும்போது எட்டுக் குழிகளில் குச்சி நிற்கிறது. ஆண்டு முழுக்க அந்தக் கன்றுக்குத் தன் பெயரை எழுதி அட்டை தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றிய ஆறாம் வகுப்புப் பிள்ளை அதைப் பார்க்கிறாள். நாம் அடுத்த ஆண்டும் உலகச் சுற்றுச்சூழல் நாளுக்கு அவளிடம் ஒரு கன்றைக் கொடுத்து உறுதிமொழி எடுக்கச் சொல்வோம். அவள் எடுப்பாள். ஆனால் அதற்குள் அவளுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: இதெல்லாம் நடுகிற அன்றைக்கு மட்டும்தான்.

அதனால் என் கோரிக்கை, மே மாதத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவார் என்று முடிவு செய்த பிறகு எத்தனை கன்று வேண்டும் என்று சொல்லுங்கள். பதினைந்து கொடுக்கிறார்கள் என்பதற்காகப் பதினைந்து வாங்க வேண்டியதில்லை. ஐந்துக்குத்தான் ஆள் இருக்கிறது என்றால் ஐந்து. பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானப் பதிவேட்டில் பெயரோடு எழுதுங்கள். இரவுக் காவலர் இருக்கும் பள்ளிக்கு எளிது. இல்லாத பள்ளிக்கு ஒரு வழி சொல்கிறேன். மே மாதத்தில் நம் திடலில் யார் இருக்கிறார்கள்? சுவரேறிக் குதித்துக் கிரிக்கெட் ஆடும் நம் முன்னாள் மாணவர்கள். அவர்களை விரட்டுவதைவிட, வாயிலைத் திறந்துவிட்டு, ஆட்டம் தொடங்குமுன் ஆளுக்கு ஒரு குடம் என்று பேசிக்கொள்ளலாம். எங்கள் பள்ளியில் அப்படித்தான் இரண்டு கோடை கடந்தது. தூரில் பந்து பட்டால் நான்கு ரன்னாம், அது அவர்கள் வைத்துக்கொண்ட விதி.

நம் தொழிற்பேட்டைப் பகுதிப் பள்ளிகளுக்கு மட்டும் உள்ள ஒரு வசதியையும் சொல்ல வேண்டும். ஒரகடம், திருப்பெரும்புதூர் ஆலைகளுக்கு வேலைக்கு வந்த ஒடிசா, பீகார், அசாம் குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். எங்களுக்கு வந்தவை பால்கோவா கன்றுகள். ஒரு மாலை மகளை அழைத்துப்போக வந்த தந்தை அவற்றின் முன் நின்றுவிட்டார். அசாம்காரர். அவருடைய ஊரில் இதற்குப் பலுகா என்று பெயராம்; ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் நிற்குமாம். ஆண்டுதோறும் மழைக்கு முன் தூரைச் சுற்றிப் புதுமண் அணைக்க வேண்டும் என்று கையால் காட்டினார். புதுக் குருத்துகள் பழைய தூருக்கு வெளிப்புறமாக, சற்று மேலாகவே வரும். மண் அணைக்காவிட்டால் மட்டநிலத்தண்டு வெயிலில் தெரியும் என்பதை நான் பிறகு படித்துத் தெளிந்தேன். எப்போது வெட்டலாம் என்று கேட்டேன். மூன்று வயதுக்கு மேற்பட்ட தண்டை மட்டும், தூரின் நடுவிலிருந்து. இந்த ஆண்டு வந்ததையும் போன ஆண்டு வந்ததையும் தொடக்கூடாது, அவைதான் அடுத்த குருத்துக்குப் பால் கொடுப்பவை என்றார். பாதி இந்தியிலும் பாதி தமிழிலும் அவர் சொன்னதை எங்களுக்கு முழுதாக்கிச் சொன்னது அவருடைய மகள்தான். அதுவரை வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. அடுத்த நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மூங்கிலைப் பற்றி அவளைத்தான் பேசச் சொன்னோம். ஆறு வாக்கியம், தமிழில். உங்கள் வருகைப் பதிவேட்டிலும் அப்படி ஒரு பெயர் இருக்கும், பாருங்கள்.

வகுப்பறைக்கு என்னென்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். நிறைய உண்டு, நான் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். புதுக் குருத்து தெரிந்த நாளில் ஒரு நூலால் அதன் சுற்றளவை எடுத்துக் குறிக்கச் சொல்லுங்கள். மாதந்தோறும் அதே கணுவிடையில் எடுக்கட்டும். பக்கத்திலேயே ஓர் இளம் வேம்பின் சுற்றளவையும் எடுக்கட்டும். ஓர் ஆண்டு கழித்து வேம்பின் நூல் நீண்டிருக்கும், மூங்கிலின் நூல் அப்படியே இருக்கும். அன்றைக்குத் தமிழாசிரியரை அழையுங்கள். தொல்காப்பிய மரபியல், வெளிப்புறம் வைரம் கொண்டவற்றைப் புல் என்றும், உட்புறம் வைரம் கொண்டவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. புறக்காழ், அகக்காழ். அந்தக் கணக்கில் மூங்கில் புல். தென்னையும், நம் மாநில மரமான பனையும்கூடப் புல்தான். ஒருவித்திலைத் தாவரங்கள் எல்லாம் ஒரு பக்கம் வந்து நிற்பதைக் கவனியுங்கள். இனி சமூக அறிவியல் ஆசிரியர். 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் மரம் என்பதன் விளக்கத்தில் மூங்கிலையும் சேர்த்தது. அதனால் சொந்த நிலத்து மூங்கிலை வெட்டி எடுத்துச் செல்லவும் மக்கள் அனுமதிக்காக அலைந்தார்கள். 2017-இல் திருத்தம் வந்து, மரம் என்ற அந்த விளக்கத்திலிருந்து மூங்கிலை நீக்கியது. தொல்காப்பியர் புல் என்றதைச் சட்டம் ஒப்புக்கொள்ள 90 ஆண்டு ஆயிற்று என்று எங்கள் தமிழையா சொல்லிச் சிரிப்பார். மூன்று ஆசிரியர், ஒரு நூல், ஒரு மூங்கில்.

மகிழ் முற்றத்தில் குறிஞ்சிக் குழுவிடம் மூங்கிலை ஒப்படைத்தால் திணையும் சேர்ந்து வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. கன்றோடு ஒரு விளம்பர அட்டையும் வரலாம். மற்ற மரங்களைவிட இத்தனை சதவீதம் அதிகமாக ஆக்சிஜன் தரும் என்று அதில் போட்டிருக்கும். பிள்ளைகளிடம் அந்த எண்ணை ஒப்பிக்க வைக்குமுன், எந்த மரத்தோடு ஒப்பிட்டார்கள், எத்தனை இலையை, எவ்வளவு நாள் அளந்தார்கள் என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். அடர்ந்த மூங்கில் வரிசை லாரித் தூசியை ஓரளவு தடுக்கும், நிழல் தரும், மண்ணைப் பிடிக்கும். பள்ளியில் வைக்க இந்தக் காரணங்களே எனக்குப் போதும்.

பூப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும் என்பது வெறும் மூடநம்பிக்கை அல்ல, ஆனால் இங்கே அதற்கு இடமில்லை. மிசோரமில் ஏறத்தாழ 48 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மூங்கில் இனம் காடு முழுவதும் ஒன்றாகப் பூத்துக் காய்க்கும். அந்த விதையைத் தின்று எலி பெருகும், விதை தீர்ந்ததும் எலி வயலுக்கு இறங்கும். 1959 பஞ்சம் அப்படித்தான் வந்தது. அதற்குப் பிறகு 2006, 2007-இல் மறுபடி பூத்தது. நம் பத்துத் தூர் பூத்தால் எலிப்பெருக்கம் வராது. தூர்தான் காய்ந்து போகலாம். வெட்டுத்துண்டிலிருந்தோ திசு வளர்ப்பிலிருந்தோ வந்த கன்றுக்குத் தாய்மூங்கிலின் வயதும் சேர்ந்தே வரும் என்பதால், தாய்மரம் எப்போது பூத்தது என்று நாற்றங்காலில் கேட்டு வைப்பது நல்லது.

பாதுகாப்புக்கு மூன்று சொல்கிறேன், இதைச் சொல்லாமல் கன்றை ஒப்படைக்க எனக்கு மனமில்லை. குருத்தை மூடியிருக்கும் பழுப்பு உறையில் நுண்ணிய முடி இருக்கும், தொட்டால் அரிக்கும். பச்சைக் குருத்தைக் கடிக்கக் கூடாது. சயனைடு உண்டாக்கும் பொருள் அதில் இருக்கிறது, வேகவைத்து நீரைக் கொட்டித்தான் சமைப்பார்கள். மூன்றாவது நமக்கு மிக முக்கியம். சில ஆண்டு கழித்துத் தண்டை வெட்டும்போது கணுவுக்கு ஒட்டி மேலே வெட்டுங்கள். கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே வெட்டினால் அடிக்கட்டை ஒரு குவளை ஆகிவிடும். மழை நீர் நிற்கும், டெங்குக் கொசு முட்டையிடும். சுகாதார ஆய்வாளர் வந்து பழைய டயரையும் தேங்காய்ச் சிரட்டையையும் பார்ப்பார், மூங்கில் தூருக்குள் குனிந்து பார்க்க மாட்டார்.

வியாழக்கிழமை வண்டி காலை பத்து மணிக்கு இங்கே வந்து, பிறகு பள்ளி பள்ளியாகப் போகும். பள்ளிக்கு இருவர் வாயிலில் நில்லுங்கள். நிழல் இடத்தை முதல் நாளே பெருக்கி, இரண்டு சாக்கை நனைத்து வையுங்கள். எண்ணிக்கையை இன்று மாலைக்குள் எனக்குச் சொன்னால் ஏற்றும் இடத்திலேயே சொல்லிவிடுவேன். மே மாதத்துக்கு உரியவர் பெயரையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள். பெயர் எழுதாத பள்ளிக்குரிய கன்றுகளை இந்த ஆண்டு எங்கள் பள்ளி நிழலில் வைத்திருக்கிறோம், பெயர் கிடைத்ததும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.